கம்பியச்சுக்குச் சல்லடை என்று சீட்டு ஒட்டியிருந்த அருங்காட்சியகம்

2019-ல் முதல் தடவை போனபோது என் அப்பாவின் கம்பியச்சு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அடியில் வெள்ளை அட்டையில், முத்து முத்தான கையெழுத்தில், "பழங்காலச் சல்லடை" என்று எழுதியிருந்தது.

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. பதினோரு வயதில் கண்ணி கோக்க உட்கார்ந்தேன், கண் மங்கும் வரை எழுந்திருக்கவில்லை. கம்பியச்சு என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கையகல எஃகுப் பட்டை, அதில் வரிசையாக ஓட்டைகள், ஒன்றைவிட அடுத்தது பொடிசு. உருக்கி அடித்த வெள்ளியின் நுனியை அரத்தால் கூராக்கிப் பெரிய ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் கவ்வி இழுக்க வேண்டும். அப்புறம் அடுத்த ஓட்டை, அதற்கடுத்த ஓட்டை. நாலு இழுப்புக்குக் கம்பி விறைத்துவிடும். நெருப்பில் காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் மறுபடி இழுக்க முடியும். அப்பாவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்ததற்கு அந்தப் பட்டைதான் காரணம். அதில் மாவு சலித்தால் ஒரு தோசைக்கு மாவு சேரத் தீபாவளி வந்துவிடும்.

அன்றைக்கே இந்த இடத்தைப் பற்றி எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது எழுதுவது, கடந்த இரண்டு மாதத்தில் ஐந்து தடவை போய் வந்த பிறகு. இடையில் நடந்ததைச் சொல்லாமல் நட்சத்திரம் போட்டால் அர்த்தமில்லை.

வழி முதலில். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குள், லீ பஜாரைத் தாண்டி உள்ளே போகும் சந்து ஒன்றில் இருக்கிறது. சேலம் மார்க்கெட் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வரலாம். காரில் வராதீர்கள், மூட்டை ஏற்றும் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்க நேரிடும். பெயர்ப்பலகை கிடையாது. பழைய சாமான் வைத்திருக்கிற ஓட்டு வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறார்கள், காலை 10 முதல் 1 வரை, மாலை 4 முதல் 7 வரை. கட்டணம் இல்லை, திண்ணையில் ஒரு உண்டியல் இருக்கிறது.

இதை ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தன் வீட்டின் முன்கட்டையே ஒதுக்கிக் கொடுத்து, தெருத்தெருவாக நடந்து, பரணில் கிடந்ததையெல்லாம் கேட்டு வாங்கி வந்தார். நல்ல மனிதர். ஆனால் எந்தப் பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது, சும்மா கொடுத்தார்களா, பார்க்க வைத்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னார்களா என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்ததோடு சரி. நான் கொடுத்தது ஒரு சாக்கு நிறைய: கம்பியச்சு, இரண்டு குறடு, பட்டடை, சாமணம், வெள்ளி உருக்கும் குகை மூன்று, ஊதுகுழல். பேப்பரில் எழுதிக்கொள்ளவில்லை. "உங்க அப்பா பேரு எனக்குத் தெரியாதாம்மா" என்றார். தெரியும்தான். கொரோனா வந்தது, வீடு பூட்டப்பட்டது, அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் தலையோடு விவரமும் போயிற்று.

இரண்டு மழைக்காலம் அந்த வீடு பூட்டியே கிடந்தது. ஓடு விலகி ஒழுகி, வடக்குச் சுவரோரம் இருந்த மர அலமாரியைக் கரையான் தின்றது. உறவுக்காரர்கள் பழைய சாமான் வியாபாரியைக் கூட்டி வந்து விலை பேசியதாகத் தெருவில் பேச்சு. அந்த நேரத்தில்தான் அவருடைய பேத்தி வந்தாள். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, வேலை பார்ப்பது ஏதோ கம்பெனியில் கணக்கு. என்னைப் பார்த்ததும் ஆன்ட்டி என்றாள். அத்தை என்று கூப்பிடு, இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளையடிக்கவில்லை, விளக்குப் போடவில்லை, அட்டை போட்ட பெரிய நோட்டு இரண்டு வாங்கினாள். எல்லாப் பொருளையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து பாயில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு புகைப்படம், அளவு, என்ன நிலையில் இருக்கிறது, எந்த அறை, எந்தத் தட்டு. அப்புறம் வீடு வீடாகப் போய், இது உங்களுடையதா, கொடையா, இரவலா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினாள். ஒரு நோட்டு அங்கே, அதன் நகல் அவள் வீட்டில். இரும்புச் சாமானில் நேராக எழுதாமல், முதலில் கரைத்து எடுக்கக்கூடிய வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. துணியென்றால் பருத்தி நாடாவில் எண் எழுதி ஓரத்தில் ஒரு தையல். எண் தேவையில்லை என்றாகிவிட்டால் பொருளுக்குச் சேதம் இல்லாமல் எடுத்துவிடலாமாம். அடகுக் கடைக்காரர் இதைவிட ஒழுங்காகச் சீட்டுப் போட முடியாது.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். ரோமில் இக்ரோம் என்று ஒரு அமைப்பு, பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே பல நாடுகள் சேர்ந்து நடத்துவது. அவர்கள் சின்ன அருங்காட்சியகங்களுக்காக ரீ-ஆர்க் என்றொரு முறையை வகுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். குவிந்து கிடக்கும் சாமான் அறையை, கையிலிருக்கும் சொற்பக் காசில், படிப்படியாக எப்படி ஒழுங்கு செய்வது என்பதுதான் விஷயம். அதில் இரண்டு விதியை என்னிடம் சொன்னாள். எந்தப் பொருளைக் கேட்டாலும் மூன்று நிமிடத்துக்குள் இருக்கும் இடம் தெரிய வேண்டும். அதை எடுக்க வேறு இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தக் கூடாது.

சரி, பார்த்துவிடலாம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, "சின்னக் குகை, விளிம்பு உடைந்தது" என்றேன். நோட்டைப் புரட்டினாள், பின்னறைக்குப் போனாள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நகர்த்தினாள், கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி. என் வீட்டில் மிக்ஸி மூடியைத் தேடவே இதைவிட நேரமாகும். குகை என்றால் இங்கே மலைக்குகை இல்லை, வெள்ளி உருக்கும் மண் கிண்ணம். வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் எப்போதும் குழம்புகிறார்கள். சேலத்தில் குகை என்று ஒரு பேட்டையும் இருப்பதால் இன்னும் அதிகமாகக் குழம்புகிறார்கள்.

கொலுசு அலமாரியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாளில் மே 18, உலக அருங்காட்சியக தினம் வந்தால், ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டி வந்து அங்கிருந்த பழைய கொலுசு, தண்டை, காப்பு எல்லாவற்றையும் பல்பொடி போட்டுத் தேய்க்கச் சொல்வார். பளபளவென்று இருக்கும். பத்திரிகைக்காரர்கள் படம் பிடிப்பார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு தண்டையில் கொத்தியிருந்த இலை வேலை பாதி மழுங்கியிருந்தது. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு வெறும் அழுக்கு இல்லை. காற்றிலிருக்கும் கந்தகமும் வெள்ளியும் சேர்ந்து உண்டான படலம், அதற்குள்ளும் வெள்ளி இருக்கிறது. தேய்க்கும்போது அதுதான் போகிறது. எங்கள் தொழிலில் இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பட்டறையைப் பெருக்கிய மண்ணைக்கூடக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருவார்கள், அதிலிருந்தும் வெள்ளி எடுப்பார்கள். அப்படியிருக்க, வருடத்துக்கு ஒரு தடவை பல்பொடியில் கரைத்துச் சாக்கடையில் விட்டால்?

இப்போது கொலுசுகள் கறுத்த மாதிரியேதான் இருக்கின்றன. ரப்பர் பேண்டு, கம்பளி, பழைய செய்தித்தாள் எதுவும் பக்கத்தில் கிடையாது, அவையெல்லாம் வெள்ளியைச் சீக்கிரம் கறுக்கச் செய்யும். துவைத்துக் கஞ்சி நீக்கிய மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிற பெண்கள், "என்னங்க இது, விளக்கவே மாட்டீங்களா" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அதற்கென்று ஒரு அட்டை எழுதி வைத்தும் கேட்கிறார்கள்.

எனக்கும் பேத்திக்கும் சண்டை வந்தது இன்னொரு விஷயத்தில். கொலுசு என்றால் சத்தம். பூட்டிய பெட்டிக்குள் ஊமையாக இருக்கும் கொலுசைப் பார்க்க ஒரு குழந்தை ஏன் வர வேண்டும்? தொடக் கூடாது, தொட்டால் கை வியர்வை உப்புப் பட்டு கெட்டுப்போகும் என்று அவள் சொல்வதும் நியாயம். கடைசியில் நானே ஒரு கூடை செய்து கொடுத்தேன். அதில் பழசு எதுவும் இல்லை. வார்த்த கட்டி, இழுத்த கம்பி, சுருட்டி நறுக்கிய வளையம், கோத்த கண்ணி, வெள்ளி முத்து வைத்துப் பற்றவைத்தது, அமிலத்தில் வெளுத்து எடுத்தது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டு மெருகேறியது. ஒரே டிசைனில் ஏழு கட்டம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆட்டலாம், காலில் கட்டிப் பார்க்கலாம். டச், அதாவது சுத்தம், குறைந்த வெள்ளிதான், தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. பெரியவர்களே அதைத்தான் அதிக நேரம் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பியச்சின் அட்டையை மாற்றி எழுத என்னை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் போனில் பதிவு செய்தாள். பற்றவைப்பது எப்படி என்று கேட்டாள். வெண்காரத்தைக் கரைத்து இணைப்பில் தடவி, பற்றவைக்கும் பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்து அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஊத வேண்டும். கொஞ்சம் கூடினால் கண்ணியே உருகிவிடும். பொடி வைத்துப் பேசுகிறான் என்று சொல்கிறோமே, அது எங்கள் பட்டறையிலிருந்து போன பேச்சு என்றேன். எழுதிக்கொண்டாள். இப்போது அந்த அட்டையில் "கம்பியச்சு" என்று இருக்கிறது. கீழே, சொன்னவர் பெயரும் தேதியும் இருக்கிறது. பக்கத்தில் பழைய "சல்லடை" அட்டையையும் வைத்திருக்கிறாள். தாத்தா எழுதியதை எறிய மனமில்லையாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போது வருகிறவர்கள் இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டு, இரண்டாவது அட்டையைக் கவனமாகப் படிப்பதைப் பார்க்கிறேன்.

பின்கட்டில் குழித்தறி. இதற்காக மட்டுமே போகலாம். தரையைத் தோண்டி, நிஜமாகவே ஒரு தறியை இறக்கியிருக்கிறார்கள். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்து நெய்கிறார். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டு வேட்டிதான் அவர் வாழ்நாள் முழுக்க நெய்தது. குழிக்குள் கால் வைத்து நெய்வது எதற்கு, உயரமாகத் தறி போட்டால் இடுப்பு வலிக்காதே என்று கேட்டேன். "குளிர்ச்சி கண்ணு. குழி ஈரத்துக்கு இழை அறாது. சித்திரை வெயில்ல மேல வச்சு ஓட்டிப் பாரு, பாவு பொட்டுப் பொட்டுனு போகும்" என்றார். ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சத்தம் முன்கட்டு வரை கேட்கும். ஒரு ஐந்து வயதுப் பையன், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள் விரலை விட்டுவிட்டான். அவர் திட்டவில்லை. தறியை நிறுத்தி, விரலை எடுத்துவிட்டு, அறுந்த இழையை முடிந்து, அந்த முடிச்சைப் பையனுக்குக் காட்டினார். அவர் வராத ஞாயிறு அந்தத் தறி வெறும் மரம். போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டுகளை மடித்து வைப்பதில்லை, மடிப்பில் ஜரிகை முறிந்துவிடும். பிளம்பிங் குழாயில் பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் புடவையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இடையிடையே வசம்பு, வேப்பிலை. வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் திரை போட்டிருக்கிறார்கள், துணிக்கு அதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் அளவு. புடவைக்கு நல்லது. எனக்கு நல்லதில்லை. அந்த அறையில் சீட்டு எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அரையிருட்டில் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

அடுத்த அறை வண்டி வேடிக்கை. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டிகளை அலங்கரித்து, அதன்மேல் சாமி வேஷம் போட்டவர்கள் அசையாமல் நின்றும் உட்கார்ந்தும் வருவார்கள். அந்த வேஷத்துக்கான கிரீடங்கள், புஜகீர்த்திகள், அட்டையில் ஜிகினா ஒட்டிய கவசங்கள், ஒரு நரசிம்மர் முகம். இவற்றை யாரும் பழம்பொருள் என்று நினைப்பதே இல்லை. பண்டிகை முடிந்தால் பரணுக்குப் போகும், எலி கடித்தால் குப்பைக்குப் போகும். இங்கே பதினாறு கிரீடங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தெரு, எந்த வருடம், யார் தலையில் இருந்தது. அப்பா ஒரு வருடம் நாரதர். இரவு முழுக்க ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, மறுநாள் பட்டறையில் குறடு பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். இந்த அறைக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் முழுசாகப் போடுவேன்.

கஞ்சமலைக் கல் ஒன்று மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் நூலில் கட்டிய காந்தம். கல்லுக்கு அருகே கொண்டுபோனால் காந்தம் துள்ளிப்போய் ஒட்டும். 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தபோது நம்பியது இந்தச் சேலத்து இரும்புக் கல்லைத்தான் என்று அட்டை சொல்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் மூலை சுமார். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய படக் கம்பெனிக்கு நாலு ஜெராக்ஸ் படம் போதுமா? ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த வளைவைப் போய்ப் பார்த்துவிடலாம்.

ஒரு காலிப் பெட்டியும் இருக்கிறது. முதலில் திருட்டுப் போய்விட்டதோ என்று நினைத்தேன். உள்ளே ஒரு புகைப்படம், மெருகேற்றிய புதிய கற்காலக் கோடாரி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கிடைத்த வகை. அட்டையில், இந்தக் கற்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார். அவர் வாழ்நாளெல்லாம் பல ஊர்களில் சேர்த்தவை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1912-ல் கல்கத்தாவில் இறந்தார், நினைவுக்கல் ஏற்காடு டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. பேரன்களோடு ஏற்காடு போகும்போதெல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

மலையில் அந்தக் கோடாரிக் கற்களைக் கோவிலில் வைத்துக் கும்பிட்ட ஊர்கள் உண்டு. போன மாதம் நான் இருந்தபோதே ஒருவர் பைக்கில் வந்தார். மேலே ஒரு ஊரில் மரத்தடிச் சாமி முன்னால் கிடந்தது என்று துணியில் சுற்றி ஒரு வழவழப்பான கல்லைக் கொண்டுவந்திருந்தார். காசுகூட வேண்டாம், பெயர் போட்டால் போதும் என்றார். பெட்டி காலியாக இருக்கிறது, நமக்கு அதிர்ஷ்டம் என்று நான் நினைத்தேன். பேத்தி வாங்கவில்லை. "அண்ணா, கும்பிடுற கல்லுங்க. எடுத்த இடத்துலயே வச்சுடுங்க. வச்சுட்டு அங்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அதை வைக்கிறேன்" என்றாள். அவர் முகம் விழுந்துவிட்டது. இன்னொருவர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்த தாழித் துண்டு என்று கொண்டுவந்தபோதும் இதே கதைதான். மண்ணுக்கடியில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறதாம். தாசில்தாருக்கு மனு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, சிற்பம், ஓவியம் போன்றவற்றை 1972 சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், அதனால் சாமி சிலை எதையும் தொடுவதே இல்லை. இப்படி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினால் என்னதான் சேரும் என்று கேட்டேன். "இருக்கறதையே எழுதி முடிக்கலீங்க அத்தை" என்றாள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் போக வேண்டும், அவர்கள் முகம் சுளிக்காமல் அனுப்புகிறார்கள் என்பது வேறு. வாசல் நிலைப்படி முழங்கால் உயரம், வயதானவர்களுக்குப் பிடிமானம் இல்லை. உட்கார ஒரு பெஞ்சாவது வேண்டும். குழித்தறி பார்க்க ஆசைப்பட்ட என் நாத்தனார் பாதியிலேயே திண்ணைக்குப் போய்விட்டாள். இரண்டு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் பூட்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் ஏதோ வேலையாம். ஒரே ஆளை நம்பி ஒரு இடம் இருந்தால் என்ன ஆகும் என்று தாத்தா காலத்திலேயே பார்த்தாகிவிட்டது. சாவி இன்னும் ஒரே ஒரு கையில்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் எனக்கே ஒரு சாவி தரட்டுமா என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காசு விஷயத்தில் அவள் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. உண்டியலில் விழுவது மின்கட்டணத்துக்கே பற்றாது, மீதி அவள் சம்பளத்திலிருந்து. தலைக்கு இருபது ரூபாய் வாங்கினால் என்ன? இலவசம் என்றால் நம் ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்கி, உள்ளே போன் பேசிவிட்டுப் போகிறார்கள். இருபது ரூபாய் கொடுத்தவர்கள் இருபது ரூபாய்க்காவது பார்ப்பார்கள். தெருப் பிள்ளைகளுக்கும் பொருள் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் இலவசம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்துக்கு நான்கு. கழிப்பறை வந்தால் மீதியைப் பற்றிப் பேசலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், மாலையில் போனால் வெளியே வந்ததும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வரலாம். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். கூடையில் இருக்கும் கொலுசை மட்டும் தயவுசெய்து கூடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஏழில் இப்போது ஆறுதான் இருக்கிறது. முத்து வைத்தது போய்விட்டது, வேறு செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நான் கொடுத்த சாக்கிலிருந்து அப்பாவின் ஊதுகுழல் மட்டும் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த இரண்டு வருடத்தில் எப்போது போனது, யார் எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. நோட்டில் அதற்கும் ஒரு எண் போட்டிருக்கிறாள், 43. புகைப்படம் ஒட்டும் கட்டம் காலி. நிலை என்ற இடத்தில் "காணவில்லை" என்று இருக்கிறது. விவரம் நான் சொன்னது: பித்தளை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, நுனி இடது பக்கம் வளைந்தது, வாய் வைக்கும் இடத்தில் அப்பாவின் பல் அழுந்திய இரண்டு பள்ளம். சேலத்தில் பழைய பித்தளைக் கடைகளில் யார் கண்ணிலாவது பட்டால், உருக்கப் போட்டுவிடாமல், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். எடைக்கு என்ன விலையோ அதற்கு மேலேயே தருகிறேன்.